கடைசிப் பக்கம் இல்லாத ராக்கெட் கதை

ஊசி போட ஆள் வேண்டுமென்றால் சோரியாங்குப்பத்தில் "ராக்கெட்டு அக்காவக் கூப்புடு" என்பார்கள். அந்த அக்காவின் பெயர் ஆதிலட்சுமி. முறையாகச் செவிலிப் பயிற்சி முடித்தவள். சர்க்கார் வேலைக்கு உத்தரவும் வாங்கியவள். ஆனால் ஒருநாள்கூட அந்த வேலையைப் பார்க்காதவள். கரும்பு போடும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மாட்டுக்குத் தீனி வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஊர்க்காரர்களுக்கு ஊசி போடுகிறாள். நோகாமல் போடுவாள் என்று பேர். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபிப்பதில்லை. கோபிப்பதற்கான காலம் எப்போதோ தாண்டிப் போய்விட்டது.

அந்தப் பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன் தங்கவேல். எழுபத்தேழாம் வருஷத்து மார்கழியில், பாகூர்ப் பக்கத்துப் பிறந்த வீட்டில், வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை குவிந்து கிடந்தபோது வைத்தான்.

அந்த ஐப்பசியில்தான் அவள் புதுச்சேரியில் பயிற்சி முடித்து வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். பின்னாலேயே உத்தரவும் வந்துவிட்டது. ஊரில் யார் வீட்டுக்கும் அப்படி ஒரு தபால் வந்ததில்லை. தங்கவேல் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டினான். படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றான்.

"ஏனாமா?"

ஏனாம்தான். புதுச்சேரி சர்க்காரின் ஊர். ஆனால் ஆந்திராவுக்குள் கோதாவரிக் கரையில் கிடக்கிறது. ரயிலில் ஓர் இரவும் கொஞ்சமும், பிறகு பஸ். தெலுங்கு பேசுவார்கள். தை முதல் வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"தப்புப் பண்ண ஆளத்தான் ஏனாத்துக்குத் தூக்கி அடிப்பாங்க. நீ இன்னா தப்புப் பண்ண?" என்றான் தங்கவேல்.

"காலி எங்க இருக்குதோ அங்கதாண்ணா போடுவாங்க. ரெண்டு மூணு வருஷத்துல இங்கயே மாத்தல் கெடைக்கும்."

"பாக்கலாம்" என்று சொல்லி உத்தரவை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினான். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். அப்பா இறந்த பிறகு மாடு வாங்குவது முதல் கல்யாணம், சாவு வரைக்கும் அந்தச் சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா காசம்மாள் மகனை மீறிப் பேசுகிறவள் அல்ல. ஆனால் அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் தங்கவேலால் தட்ட முடியாது. இது ஆதிலட்சுமிக்குத் தெரியும். ஆக, அம்மாவைக் கேட்க வைக்க வேண்டும். அதற்கு ஏனாம் பேச்சை நேராக எடுத்தால் ஆகாது. இரண்டு தரம் எடுத்துப் பார்த்தாள். "வயசுப் பொண்ணு, தனியா, பாஷ தெரியாத ஊருல" என்று அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அதோடு சரி.

அப்போதுதான் அவளுக்கு அந்த ராக்கெட் தொடர்கதை ஞாபகம் வந்தது.

பயிற்சி விடுதியில் ஒரு வாரப் பத்திரிகை வரும். அதில் ஒரு விஞ்ஞானத் தொடர் வந்துகொண்டிருந்தது. சுடர்க்கொடி என்று ஒருத்தி, வைத்தியம் படித்தவள். வேறொரு கோளில் குடியேறப் போகிற கூட்டத்துக்கு வைத்தியச்சியாக ஒரு பெரிய கலத்தில் ஏறுகிறாள். போனால் திரும்ப முடியாது. அங்கே இருந்து ஒரு சேதி பூமிக்கு வர நாலு வருஷம். கதையில் பாதி, அவள் போவதா வேண்டாமா என்பதுதான். ஆதிலட்சுமி அதைப் படித்த அளவுக்குத் தன் பாடப் புத்தகத்தைப் படிக்கவில்லை. கூடப் படித்த வில்லியனூர்ப் பக்கத்து செலின் மேரியிடம் ஒவ்வொரு வாரமும் நீட்டுவாள்.

"படிச்சுப் பாருடி. நம்பள மாதிரியே ஒரு நர்சம்மா."

"மேல இன்னாடி சோறு போடறாங்க?"

"மாத்திரதான். ஒரு மாத்திர போட்டா ரெண்டு நாளு பசிக்காது."

"அந்தச் சனியன இங்கயே நாள் பூரா எண்ணித் தரேன். அதப் போயி கதையில வேற படிக்கணுமா" என்று செலின் மேரி திரும்பிப் படுத்துக்கொள்வாள். கடைசி வரை ஒரு வரி படிக்கவில்லை. அவளுக்கும் ஏனாத்துக்கே உத்தரவு வந்திருந்தது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை என்றால் காது கொடுப்பாள். சுடர்க்கொடி கலத்தில் ஏறுவதை அம்மா ஒப்புக்கொண்டால், மகள் ரயிலில் ஏறுவதையும் ஒப்புக்கொள்வாள். ஆதிலட்சுமியின் கணக்கு அவ்வளவுதான். படித்த பெண்ணின் கணக்கு.

அதே பத்திரிகையை அவள் வீட்டிலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணி மணியம்மாளுக்காகத் தங்கவேல் வெள்ளிக்கிழமைதோறும் பாகூர்க் கடையில் வாங்கி வருவான். அண்ணி படிப்பது அதில் வரும் ஒரு மாமியார்-மருமகள் தொடரை மட்டும். படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பதமாகக் கிழித்து எடுத்து, ஊசி நூலால் தைத்து, கரையாம்புத்தூரில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பிவிடுவாள். தொடர் முடிந்ததும் அங்கே மொத்தமாக பைண்டு போடுவார்கள். மிச்சப் பத்திரிகை பரணில் விழும். அந்தக் காலத்தில் பாதி வீடுகளில் இப்படித்தான்.

ஆதிலட்சுமி பரணில் ஏறி எல்லாவற்றையும் இறக்கினாள். தும்மிக்கொண்டே வாரவாரியாக அடுக்கினாள். அப்போதுதான் கவனித்தாள். ராக்கெட் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம்தான் மாமியார் கதையின் முதல் பக்கம் ஆரம்பிக்கிறது. ஒரே தாளின் இரண்டு முகம். அண்ணி மாமியாரைக் கிழித்து எடுத்தபோது ராக்கெட்டின் முடிவும் கூடவே போயிருக்கிறது. ஒவ்வொரு வாரமும்.

"அண்ணி, அந்தக் கிழிச்ச பக்கம் கெடைக்குமா?"

"அது கரையாம்புத்தூரு போயிடுச்சேடி. தங்கச்சி பொட்டியில பூட்டி வெச்சிருக்கும். எதுக்கு?"

"ராக்கெட்டு கதைக்கு முடிவு அதுலதான் இருக்குது."

"அய்ய, அதுக்கா" என்று அண்ணி சிரித்தாள். "வானத்துல போறவளுக்குக் கக்கூசு எங்கன்னு மொதல்ல எழுதச் சொல்லு. அப்பறம் நான் படிக்கிறேன்."

ஆதிலட்சுமி மேலே ஒன்றும் கேட்கவில்லை. விடுதியில் இருந்த வரைக்கும் வந்த வாரங்களின் முடிவு அவளுக்கு மனப்பாடம். அதற்குப் பின், தொடர் முடியும் வரை வந்த சில வாரங்கள் மட்டும் தெரியாது. பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

முதலில் அண்ணனிடம் போனாள். அவன் பத்திரிகையைக் கையில் வாங்கி, ராக்கெட் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "மெட்ராசுக்குப் போற பஸ்ஸே நேரத்துக்கு வரல" என்று திருப்பிக் கொடுத்தான். அம்மாவிடம் சமையல் நேரத்தில் ஆரம்பித்தாள். "சாமி இருக்கற எடத்துக்கு செருப்புக் காலோட போறாங்களா?" என்று கேட்டு அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். எதிர்வீட்டுத் தையலம்மாளிடம் சொன்னாள். தையலம்மாள் கூலிக்கு நடவும் களையும் போகிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. "அங்க மழ பேயுதா? பேயலன்னா அந்த ஊரு எதுக்கு. நம்ப ஊரே போதுமே" என்றாள்.

கார்த்திகை இப்படியே போயிற்று. தை நெருங்கிக்கொண்டிருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாளின் ஓரம் புகை பட்டு மஞ்சளாக ஆரம்பித்தது.

மார்கழியில் விதைக்கு மல்லாட்டை உரிக்கும் வேலை வந்தது. விதை மல்லாட்டையை மெஷினில் போட மாட்டார்கள். ஓட்டுக்குள் இருக்கும் பயிறின் தோல் கீறினால் முளைக்காது. தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் குந்தி, கட்டைவிரலால் நெரித்து நெரித்து உரிப்பார்கள். உரித்த பயிறை அளந்து கூலி. இதில் நிலக்காரர்களுக்கு ஒரே கவலை, வாய். பேசிக்கொண்டே நாலு பயிறு கூடைக்கும் ஒரு பயிறு வாய்க்கும் போகும். யாரையும் கேட்க முடியாது. அதனால் சில வீடுகளில் பாட்டுப் பாடச் சொல்வார்கள். பாடும் வாய் மெல்லாது.

முதல் நாள் சாயங்காலம் அளந்து பார்த்துத் தங்கவேல் முகத்தைச் சுளித்தான். ஆதிலட்சுமி அங்கேதான் நின்றிருந்தாள்.

"அண்ணா, நான் கதை படிக்கட்டா? கேக்கறவங்க வாயி சும்மாதானே இருக்கும்."

தங்கவேல் தங்கையை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "உன் ராக்கெட்டுக்கும் ஒரு வேல கெடைச்சிடுச்சி போ."

அப்படித்தான் அந்தக் கதை அந்த வாசலில் இறங்கியது. பயிறு மிச்சம் பிடிக்க.

முதல் நாள் பாடாய்ப் படுத்தினார்கள். கலத்துக்குள் யாரும் நடப்பதில்லை, மிதக்கிறார்கள் என்று படித்தால், "அப்ப பாவாடய எப்படிப் புடிச்சிக்குவா?" என்று தையலம்மாள். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. ஆதிலட்சுமி விடவில்லை. புரியாத இடங்களை ஊர்ப் பேச்சுக்கு மாற்றினாள். கோளுக்குக் கோள் தூரம் சொல்லும் இடம் வந்தால், "இங்கருந்து காசிக்கு நடந்தா எம்மாம் நாளாவும், அது மாதிரி ஆயிரம் காசி" என்றாள். கலத்தின் தலைவனைப் பெரிய பண்ணை என்றாள். சுடர்க்கொடி என்று முழுசாகச் சொல்ல அந்த வாய்களுக்கு வரவில்லை. 'கொடி' ஆகிவிட்டாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தையலம்மாள் வந்து உட்காரும்போதே, "நேத்து கொடிய அந்தப் படுபாவி ரூம்புல வெச்சிப் பூட்டினானே, அப்பறம்?" என்றாள். ஆறு வாரமாக ஒருத்தரையும் அசைக்க முடியாத கதை. அன்று கூடையை அளந்த தங்கவேலும், "பரவால்லையே, ராக்கெட்டு" என்றான். பேர் அன்று விழுந்தது.

அம்மா உரிக்க உட்காரவில்லை. ஆனால் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து உரித்ததைப் புடைத்து ஓட்டை நீக்கிக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு ஏழாம் மாசம். கீழே உட்கார முடியாது. உள்ளே அடுப்படியில் இருப்பாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்கும்.

பிறகு, முடிவு தெரியாத வாரங்கள் வந்தன.

கிழிந்த இடம் வந்ததும் ஆதிலட்சுமி ஒரு கணம் நிறுத்தினாள். எல்லாக் கையும் நின்றது; எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். கதை தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டு, இல்லாத வரிகளைப் படிக்க ஆரம்பித்தாள். கஷ்டமாக இல்லை. அடுத்த வார ஆரம்பம் கையில் இருந்தது. இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு பலகை போடுவது மாதிரி. முதலில் இரண்டு மூன்று வரி. பிறகு ஒரு பக்கம். பிறகு அச்சில் இருந்ததைவிட அவள் போட்ட பலகையைத்தான் எல்லோரும் ரசித்தார்கள்.

அந்த வாரம் வந்தது. சுடர்க்கொடி விடைபெற வீட்டுக்குப் போகிறாள். விளக்கு எரிகிறது. தாய் உள்ளே இருக்கிறாள். கொடி கதவில் கை வைக்கிறாள். அதோடு கிழிந்திருந்தது. அடுத்த வாரத்தில் கலம் நிலவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பது கரையாம்புத்தூரில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது.

ஆதிலட்சுமி அம்மாவைப் பார்க்காமல் படித்தாள். தாய் கதவைத் திறக்கிறாள். "நான் போகட்டாம்மா" என்கிறாள் கொடி. தாய் உள்ளே போய், தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்து மகள் கையில் கொடுக்கிறாள். "நான் இந்த வாசலத் தாண்டினது இல்ல. எனக்கும் சேத்து நீ பாத்துட்டு வா. குளுரும், இத போத்திக்க" என்கிறாள். "நான் அழுவேன். நீ திரும்பிப் பாக்காத. அழறது என் வேல. போறது உன் வேல."

இந்த வரிகளை அவள் முந்தின நாளே யோசித்து வைத்திருந்தாள். புடவை மட்டும் அந்த நேரத்தில் தானாக வந்தது.

வாசலில் ஓடு நெரியும் சத்தமே இல்லை. தையலம்மாள் மூக்கைச் சிந்தினாள். காசம்மாள் கையில் முறம் அப்படியே நின்றது. "போயிட்டு வாடி கொடி" என்றாள் மெதுவாக. "நல்லபடியா போயிட்டு வா."

அதைவிட வேறென்ன வேண்டும். அன்று முழுக்க ஆதிலட்சுமியின் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை தங்கவேல் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உத்தரவை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

"ம்மா. கொடிய போன்னு சொன்ன இல்ல. நான் கேக்கறது அவ்ளோ தூரம் இல்லம்மா. ரயிலு போற தூரம்தான். கடுதாசி நாலு நாளுல வந்துடும். செலின் மேரியும் கூட வரா."

காசம்மாள் தாளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"தங்கவேலு. ஒரு வருஷம் அனுப்பிப் பாக்கலாமாடா? கூட ஒரு பொண்ணும் போவுதாம்."

தங்கவேல் சொம்பைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. யோசனை இருந்தது. அவன் யோசித்து ஆதிலட்சுமி பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றாள்.

"கதையில அப்படி இல்ல அத்த."

யாருக்கும் புரியவில்லை.

"அந்தக் கொடி பெத்தவகிட்ட சொல்லிக்கவே இல்ல. கதவுல கைய வெச்சவ அப்படியே திரும்பிப் போயி, சொல்லாம கொள்ளாம ஏறிட்டா. புடவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெத்தவ தெனம் சாயங்காலம் வாசல்ல நின்னு வானத்தப் பாத்துகினே இருந்து, அந்த ஏக்கத்துலயே செத்துப் பூட்டா. செத்த சேதி இவளுக்கு நாலு வருஷம் கழிச்சித்தான் போவுது. நான் படிச்சேன்."

"நீங்களா?" என்றாள் ஆதிலட்சுமி.

"மாமியார் கதைக்குப் பின்னாடி இருக்குது இல்ல. தங்கச்சிக்கு அனுப்பறதுக்கு முன்ன திருப்பிப் படிப்பேன். மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அப்பறம் வாராவாரம் அதத்தான் மொதல்ல படிச்சேன்."

ராக்கெட் கதையை யார் யாரிடமோ கொண்டுபோய்க் கெஞ்சினாளே, அந்த வீட்டிலேயே அதற்கு ஒரு வாசகி இருந்திருக்கிறாள். வாரம் ஒரு பக்கம். முடிவு மட்டும். அவளிடம்தான் கதையைப் படித்தீர்களா என்று ஆதிலட்சுமி கேட்கவே இல்லை. மாமியார் கதை படிக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று இருந்துவிட்டாள்.

"அப்ப நேத்து ஏன் சொல்லல?" என்றான் தங்கவேல்.

"நல்லாத்தான் சொல்லிச்சி. கேக்க நல்லா இருந்துச்சி. கதைதானேன்னு இருந்தேன். இப்ப அத்த அத நெசம்னு புடிச்சிகினு முடிவு பண்றாங்களே."

காசம்மாள் மடியில் இருந்த தாளை எடுத்து, சூடான பாத்திரத்தை வைப்பதுபோலக் கீழே வைத்தாள்.

"சொல்லாம கொள்ளாமவா பூட்டா?" என்று கேட்டாள். அவள் கேட்டது கதையையா மகளையா என்று தெரியவில்லை.

தங்கவேல் எழுந்தான். "அச்சடிச்சி வெச்சிருக்கறதையே மாத்திப் படிக்கிறா. நாளைக்கி மருந்துச் சீட்ட எப்படிப் படிப்பா? ஏனாத்துலருந்து கடுதாசி போடுவாளாம். அத எத நம்பிப் படிக்கிறது?"

"ண்ணா, பக்கம் இல்லாததாலதான்..."

"இல்லன்னா இல்லன்னு சொல்லணும். பெத்தவ கண்ணுல தண்ணி வரவெச்சிச் சம்மதம் வாங்கப் பாத்த இல்ல?"

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் அவளை அனுப்பாமல் இருந்ததற்குக் காரணம் அந்த உண்மை அல்ல. அதற்கு முன்பே 'பாக்கலாம்' என்று சொன்னவன்தான். இப்போது அவன் கையில் ஒரு காரணம் கிடைத்தது, அதுவும் தங்கையே தயார் செய்து கொடுத்தது. அடுத்து வந்த நாட்களில் அவளைப் பாகூர்க் கடைத்தெருவுக்குக்கூடத் தனியாக விடவில்லை. கதையில் ஒருத்தி சொல்லாமல் போய்விட்டாள் அல்லவா.

அண்ணி அன்று ஏன் வாயைத் திறந்தாள் என்று ஆதிலட்சுமி வருஷக்கணக்கில் யோசித்திருக்கிறாள். மாசியில் பிரசவம்; வீட்டில் ஒரு நர்சு இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கலாம். இல்லை, படித்த கதையை ஒருத்தி தப்பாகச் சொன்னால் பொறுக்காத சுபாவமாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் பலன் ஒன்றுதான்.

தை பிறந்தது. செலின் மேரி புறப்படும் முன் ஒருநாள் பஸ் பிடித்து வந்து பார்த்தாள். அவள் அப்பா இன்னாசி ஏனாம் என்றதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், அங்கே கோயில் உண்டா என்று. உண்டு என்றதும், "ஞாயித்துக்கெழம பூசைய வுட்றாத" என்று ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"அவ்ளோதானா?" என்றாள் ஆதிலட்சுமி.

"வேற இன்னாடி? நீ ஏன் அழுவற?"

ராக்கெட் கதையில் ஒரு வரி படிக்காதவள் போனாள்.

ஏனாம் ஒன்றும் வேறு கோள் இல்லை. ஆற்றோரம் நாலு தெரு, ஒரு கடைத்தெரு, ஓர் ஆஸ்பத்திரி. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் காற்று நன்றாக இருக்கும். இவ்வளவு சிறிய ஊருக்காக ஒரு பெண் இவ்வளவு பெரிய கதை சொல்ல வேண்டியிருந்தது என்று நினைத்தால் அந்தக் காற்றும் கசக்கிறது.

மாசியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தது ஆதிலட்சுமிதான். கழுத்தில் கொடி சுற்றி நீலம் பாரித்துப் பிறந்த குழந்தையை அவள்தான் தட்டி அழவைத்தாள். "நல்லவேள, நீ போவல" என்றாள் அம்மா. நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் ஆதிலட்சுமியால் தாங்க முடியாமல் இருந்தது.

ஆவணியில் சோரியாங்குப்பத்தில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தையில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்பு இன்னொரு மார்கழி வந்தது. மறுபடியும் வாசலில் மல்லாட்டை.

"ராக்கெட்டு, படியேன்டி. வாயி நமநமன்னுது" என்றாள் தையலம்மாள்.

"பக்கம் இல்ல" என்றாள் ஆதிலட்சுமி. இந்தத் தடவை அவளும் கூட்டத்தோடு குந்தி உரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். கையில் பத்திரிகைகள். ஒன்றும் கிழிக்காதவை.

"புதுசா ஒண்ணு வருதுடி. பூமிக்குள்ள தொளப் போட்டு மிஷின்ல போறாங்க. மாமியார் கதை முடிஞ்சிடுச்சி இல்ல, இப்ப நான் எதையும் கிழிக்கறது இல்ல. மொதல்லருந்து கடைசி வரைக்கும் அப்படியே இருக்குது. உனக்காகத்தான் வெச்சேன்."

அண்ணியின் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. புதுப்புடவை காட்டுகிறவளின் ஆசைதான் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு ஆதிலட்சுமி இதே பத்திரிகையோடு வீடு வீடாக அலைந்தபோது அவள் முகமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"நீங்க படிங்க அண்ணி."

"நீ படிக்கிற மாதிரி வருமா?"

"அச்சுல இருக்கறபடி படிங்க. அது போதும்."

அண்ணி குழந்தையைக் காசம்மாளிடம் கொடுத்துவிட்டு, கதவோரம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தி. ஆனாலும் தையலம்மாள் கேட்டாள். எல்லோரும் கேட்டார்கள். தொளைக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வார்கள் என்று ஒருத்தி கவலைப்பட்டாள்.

ஆதிலட்சுமி ஒரு காயை நெரித்தாள். தோல் கீறாத, முளைக்கக்கூடிய, இரண்டு நல்ல பயிறு. கூடையில் போடாமல் வாயில் போட்டுக்கொண்டாள். அடுத்ததையும். அதற்கடுத்ததையும்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த தங்கவேல் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே மென்றாள். விதைப் பயிறு. அவன் மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். படிக்கிற வாயும் தின்கிற வாயும் தவிர, அந்த வாசலில் மற்ற வாயெல்லாம் சும்மா இருந்தன.